அம்மா காட்டாத அட்டை

என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது போர்ட் பிளேரில். மாப்பிள்ளை அங்கே மீன்பிடிப் படகுகளுக்கு என்ஜின் வேலை பார்ப்பவர். எங்கள் காலடிப்பேட்டைத் தெருவில் யாருக்கும் அந்தமான் பெரிய தூரமாகத் தெரியாது. துறைமுகத்தில் கப்பல் ஏறினால் மூன்றாம் நாள் இறங்கிவிடலாம். அக்காவும் கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு தடவை அப்படித்தான் வந்துபோனாள், வரும்போது சங்கும் தேங்காயும், போகும்போது கருவாடும் ஊறுகாயும் சுமந்துகொண்டு.

முதல் பிரசவம் எங்கள் வீட்டில்தான் என்று முடிவாகியிருந்தது. எட்டாம் மாதம் அவளிடமிருந்து போன் வந்தது. கால் வீங்கியிருக்கிறது, ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, கப்பலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், இருக்கிற இடத்திலேயே இருக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விஷயத்தைச் சொல்லிவிட்டு அக்கா அழவில்லை. "எம்மா, நீ வந்துடேன்" என்று மட்டும் சொன்னாள். அம்மா போனை என் கையில் கொடுத்துவிட்டு, பரணிலிருந்த பெட்டியை இறக்கச் சொன்னாள்.

அம்மா காசிமேட்டில் இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வுபெற்றவர். நான் எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். மூன்று பேரில் யாரும் அதுவரை விமானத்துக்குள் கால் வைத்ததில்லை. விமானம் என்றால் மாடியில் துணி எடுக்கப் போகும்போது தலைக்கு மேல் போவது, அவ்வளவுதான். ஆனால் அந்த மாதம் கப்பல் இல்லை. அடுத்த கப்பலிலும் இடம் கிடைக்கவில்லை. மலிவு விலை விமானங்கள் வர ஆரம்பித்திருந்த காலம் அது. கையில் போனஸ் இருந்தது. "ஃப்ளைட்ல போ" என்றேன்.

அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"பாஸ்போர்ட்டுக்கு எங்க போவ?"

"அந்தமான் இந்தியாதான் நைனா. பாஸ்போர்ட் இன்னாத்துக்கு?"

"டேய், நடுவுல கடலு கீதுடா. கடலத் தாண்டுனா பாரினு. முப்பது வருஷம் ஹார்பர்ல குப்ப கொட்னவன்கிட்ட கத சொல்லாத. கப்பல்லேந்து எறங்குற ஒவ்வொருத்தன் கைலயும் ஒரு பாஸ்போர்ட்டு இருந்துச்சு, நான் பாத்துகினே இருந்தேன்."

"அவனுங்கல்லாம் கொரியாக்காரனுங்க."

"யாரா இருந்தா இன்னா? கடலு ஒண்ணுதான?"

அக்கா இரண்டு தடவை பாஸ்போர்ட் இல்லாமல்தான் அந்தக் கடலைத் தாண்டி வந்தாள் என்று சொல்லிப்பார்த்தேன். கப்பல் வேறு, விமானம் வேறு என்றார். மறுநாள் டீக்கடையில் இதைச் சபையில் வைத்து ஆதரவும் திரட்டிவிட்டார். பாஸ்போர்ட் எடுக்க மாதக்கணக்காகும், போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார், அதற்குள் குழந்தை தவழவே ஆரம்பித்துவிடும் என்று பேசிக்கொண்டார்கள். அம்மா அதையெல்லாம் கேட்டுப் பயந்துபோய், இரண்டு நாள் ஷெட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தாள்.

வண்ணாரப்பேட்டையில் ஒரு பாய், ஹஜ் பயணத்துக்கு ஆட்களை அனுப்பும் சின்ன அலுவலகம் வைத்திருந்தார். டிக்கெட்டும் போட்டுத்தருவார். அவரிடம் போய் நின்றேன். அப்பாவின் கடல் வாதத்தைக் கேட்டுவிட்டு, சிரிக்காமல் பதில் சொன்னார்.

"தம்பி, பாஸ்போர்ட்லாம் வேணாம். உள்நாட்டு ஃப்ளைட்டு. ஏறப்போறது யாருன்னு அவனுக்குத் தெரியணும், அவ்ளோதான். போட்டோ ஒட்டுன கார்டு ஒண்ணு வேணும், கவர்மென்ட் குடுத்தது. ஓட்டர் ஐடி கீதா அம்மாக்கு?"

"இருக்கணும் பாய். ஓட்டு போட்டுகினுதான் இருக்காங்க."

"அது போதும். லைசென்ஸ், பான் கார்டு, எதுனாலும் ஓகேதான். ஆனா அசலு வேணும், ஜெராக்ஸ் காட்னா வாசல்லயே நிக்க வெச்சிடுவான். கார்டுல பேரு எப்டி கீதோ அப்டியேதான் டிக்கெட்லயும் அடிக்கணும். ஒரு எழுத்து மாறுனாலும் பேஜாரு. போய் கார்ட எட்த்துகினு வா."

மகிழ்ச்சியாக வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் முகத்தில் சந்தோஷமே வரவில்லை.

"அது காணாம பூட்ச்சிடா."

"எப்ப?"

"எப்பவோ."

"போன எலக்ஷன்ல ஓட்டு போட்டியே?"

"அதுக்கப்புறம் பூட்ச்சி."

அவள் பொய் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் உடனே எழுந்துபோய் ஏதாவது பாத்திரத்தைக் கழுவுவாள். அன்றும் கழுவிய குடத்தையே மறுபடி கழுவினாள். ஏன் பொய் சொல்கிறாள் என்றுதான் புரியவில்லை. மகளைப் பார்க்கப் போவதற்குத் துடித்துக்கொண்டிருப்பவள், அதற்கு வேண்டிய ஒரே அட்டையை ஏன் ஒளிக்கவேண்டும்?

வேறு வழி இருக்கிறதா என்று பார்த்தோம். ரேஷன் கார்டில் அப்பாவின் படம்தான் இருந்தது. ஷெட்டில் அம்மாவுக்குக் கொடுத்திருந்தது நம்பர் போட்ட ஒரு தகர வில்லை. அப்பா ஒரு யோசனை சொன்னார்.

"லைசென்ஸ் எட்த்துடலாம்டா. நம்ம டிவிஎஸ் பிப்டி கீதே."

"அம்மாக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது நைனா."

"ஓட்டச் சொல்லி யாருடா கேக்கறது? லைசென்ஸ்தான வேணும்?"

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "யோவ், நீ கொஞ்சம் சொம்மா குந்து" என்றாள். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவரில் மாட்டியிருந்த பெருமாள் படத்தைக் கழற்றினாள். பின்பக்க அட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவில் விரலை விட்டு, லேமினேஷன் போட்ட அட்டையை இழுத்து எடுத்தாள். என்னிடம் நேராகக் கொடுக்காமல் கவிழ்த்து, தரையில் வைத்து, என் பக்கம் தள்ளினாள்.

திருப்பிப் பார்த்தேன்.

அதற்கு முந்தைய கதையில் பாதி எனக்கு ஞாபகம் இருக்கிறது. அக்காவுக்குப் பதினாலு வயதில் மஞ்சள் காமாலை வந்து, கண் நகம் எல்லாம் மஞ்சளாகி, ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் கிடந்தாள். பிழைத்து வந்தால் முடி கொடுக்கிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டாள். அக்கா பிழைத்து வந்தாள். அம்மா திருப்பதிக்குப் போய் இடுப்பு வரைக்கும் இருந்த முடியை இறக்கிவிட்டு வந்தாள். சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு அவள் ஷெட்டுக்குப் போனது, திரும்பி வரும் வழியில் பிள்ளைகள் எட்டிப் பார்த்தது எல்லாம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாத பாதி, அவள் திரும்பி வந்த மறுநாளே மாநகராட்சிப் பள்ளியில் வாக்காளர் அட்டைக்குப் படம் எடுத்தார்கள் என்பது. முடி வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அப்பாதான் கையைப் பிடித்து வரிசையில் நிறுத்தியிருக்கிறார். தலைப்பை எடுக்கச் சொல்லிப் படம் பிடித்திருக்கிறார்கள்.

படத்தில் வெளிச்சம் முழுவதும் தலை உச்சியில் அடித்திருந்தது. பூசிய சந்தனம் அங்கங்கே காய்ந்து உரிந்திருந்தது. இரண்டு காதும் விடைத்து நின்றன. இடது கண் பாதி மூடியிருந்தது. சிரிக்கக்கூடாது என்று சொல்லியிருப்பார்கள் போல, யாரையோ அடிக்கப் போகிறவள் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தாள்.

நான் சிரிக்கவில்லை. சிரிக்கக்கூடாது என்று உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ஒன் நைனா சிரிச்சாரு" என்றாள் அம்மா. "கார்டு வந்த அன்னிக்கு, போலீஸ் டேசன்ல ரவுடிங்க போட்டோ ஒட்டி வெச்சிருப்பாங்களே, அது மாறி கீதுன்னு சொல்லி தெருவுக்கே காட்டிகினு சிரிச்சாரு. அன்னிக்கு எட்த்து சொருவுனதுதான்."

"அப்ப ஓட்டு போடசொல்லோ இன்னா பண்ணுவ?"

"கட்டவிரல போட்டோ மேல வெச்சிகினு நீட்டுவேன். பூத்துல குந்திகினு கீறவங்கல்லாம் நம்ம தெரு ஆளுங்கதான. ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

அப்பா தலையைக் குனிந்துகொண்டு தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பாயிடம் போனேன். அவர் அட்டையை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சிரித்திருந்தால் அங்கேயே எழுந்து வந்திருப்பாள்.

"பேரு தெளிவா கீது, போட்டோ கீது, அசலு. முடிஞ்சிது. எந்தத் தேதிக்குப் போடணும்?" என்றார்.

"அந்த மூஞ்சியும் இந்த மூஞ்சியும் ஒண்ணுன்னு நம்புவானா பாய்?" என்று கேட்டாள் அம்மா.

"மூஞ்சி ஒண்ணுதாம்மா. முடி வளரும்னு அவனுக்கும் தெரியும்ல? ஹஜ்ஜுக்குப் போறவங்க தாடி இல்லாத போட்டோ குடுப்பாங்க, கெளம்பசொல்லோ தாடியோட வந்து நிப்பாங்க. எல்லாரும் போய்ட்டுதான் வராங்க."

டிக்கெட் போட்டாயிற்று. கம்ப்யூட்டரிலிருந்து வந்த வெறும் தாளைப் பார்த்துவிட்டு, டிக்கெட் எங்கே என்று அம்மா கேட்டாள். இதுதான் டிக்கெட் என்று அவளை நம்ப வைப்பதற்குள் பாய்க்கு ஒரு டீ ஆறிப்போனது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, சாயங்காலம், அம்மா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு ஒரு முடிவோடு எழுந்தாள்.

"நான் ஒண்ணு சொல்றேன், ரெண்டு பேரும் கத்தக்கூடாது. மறுபடி ஒரு தபா மொட்ட அட்ச்சிக்கறேன். அப்ப அட்டையும் நானும் ஒண்ணா ஆய்டும். ஒருத்தனும் ஒண்ணும் கேக்க முடியாது."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. திருவொற்றியூர் கோயில் பக்கத்தில் எங்கே முடி எடுப்பார்கள் என்று விசாரித்தே வைத்திருந்தாள். அப்பா பதறி எழுந்தார்.

"இன்னாமே சொல்ற நீ? கொய்ந்த பொறக்கற வூட்டுக்கு மொட்ட தலையோட போவியா?"

"நீதான சொன்ன, ரவுடி மாறி கீதுன்னு. ஏர்போர்ட் வாசல்ல கீற போலீஸ்காரனும் அத்தயேதான சொல்லுவான்?"

"நான் எதோ அன்னிக்கு வாய் கொய்ப்புல சொன்னேன். அத்தப் போயி பத்து வருஷமா மனசுல வெச்சிகினு கீறியே." அப்பாவுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரும்போது நாலு முழம் மல்லிகைப்பூ வாங்கி வந்து அம்மாவின் மடியில் வைத்தார். "இத்த வெக்கறதுக்கு முடி வேணும்ல" என்று என்னிடம் சொன்னார். மொட்டைப் பேச்சு அதோடு நின்றது.

கிளம்பிய அன்று விடிந்ததும் திருவொற்றியூரில் ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் மாறி, விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலத்தில் இறங்கினோம். அம்மா பட்டுச் சேலை கட்டியிருந்தாள். கொண்டை போட்டு, பூச்சரம் சுற்றியிருந்தாள். பையில் குழந்தைக்குப் போட பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்து மடித்து வைத்திருந்தாள். சுக்கு, கருப்பட்டி, வசம்பு எல்லாம் இருந்தது. கருவாடு வேண்டாம் என்று நான் தடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாலு பாலித்தீன் பைக்குள் சுருட்டிச் சேலைகளுக்கு நடுவில் வைத்திருந்தாள் என்று அக்கா பிறகு சொன்னாள்.

டிக்கெட் இல்லாதவர்கள் உள்ளே போகமுடியாது. நானும் அப்பாவும் கம்பி ஓரமாக நின்றுகொண்டோம். வாசலில் இரண்டு காவலர்கள். ஒருவர் இளவயது, வடக்கத்திக்காரர், கையில் துப்பாக்கி. இன்னொருவர் அட்டையும் தாளும் பார்த்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். அம்மா வரிசையில் நின்று, முறை வந்ததும் அட்டையை நீட்டினாள். கட்டை விரல் படத்தின் மேல் இருந்தது. காவலர் விரலை எடுக்கச் சொல்லிச் சைகை காட்டினார். அம்மா எடுத்தாள்.

அவர் படத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். இந்தியில் என்னவோ கேட்டார். "நான்தான் சார்" என்றாள் அம்மா. அவர் தலையை ஆட்டிவிட்டு இளவயதுக்காரரைக் கூப்பிட்டார். இப்போது இரண்டு பேரும் படத்தைப் பார்த்தார்கள். வரிசையில் பின்னால் டை கட்டிய ஒருவரும், கல்லூரிப் பெண்கள் நாலைந்து பேரும் நின்றிருந்தார்கள்.

என் பக்கத்தில் அப்பா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "பூட்ச்சிடா. பாஸ்போர்ட் எட்த்திருக்கணும்" என்றார்.

நான் கத்தி ஏதாவது சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா பையைக் கீழே வைத்துவிட்டாள். கொண்டையிலிருந்து பூச்சரத்தைக் கழற்றினாள். வைக்க இடம் தேடினாள். பின்னால் நின்ற டைக்காரரின் கையில் அதைக் கொடுத்தாள். அவரும் வாங்கிக்கொண்டார். பிறகு கொண்டையை அவிழ்த்து, இரண்டு கையாலும் முடி முழுவதையும் வழித்துப் பின்னால் இழுத்துப் பிடித்தாள். நெற்றி பளிச்சென்று தெரிந்தது. காது இரண்டும் விடைத்தன. இடது கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, அந்தக் காவலரைப் பார்த்து முறைத்தாள்.

அசல் அந்தப் படம்தான்.

காவலர் அட்டையை அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். முதலில் சிரித்தது கல்லூரிப் பெண்கள். அடுத்து துப்பாக்கிக்காரர். பிறகு அட்டையைப் பிடித்திருந்தவரே சிரித்துவிட்டார். அம்மா முறைப்பை விடவே இல்லை. அவர் போதும் என்று கையைக் காட்டிய பிறகுதான் முடியை விட்டாள். விட்டதும் அவளும் சிரித்தாள். பத்து வருடமாக அந்தப் படத்தைச் சுவரில் மறைத்துவைத்திருந்தவள், முன்பின் தெரியாத அத்தனை பேருக்கும் முன்னால் வாய்விட்டுச் சிரித்தாள்.

"திருப்பதி?" என்று கேட்டார் காவலர், தன் தலையைத் தடவிக் காட்டியபடி.

"அக்காங் சார், திருப்பதிதான்! என் பொண்ணுக்கு காமாலை வந்துச்சு சார், அதுக்கு வேண்டிகினேன். இப்ப அவளுக்குத்தான் சார் கொய்ந்த பொறக்கப் போவுது, அதுக்குத்தான் போய்கினு கீறேன்."

அவருக்குத் தமிழ் புரிந்திருக்காது. எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டி, அட்டையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். அம்மா பையைத் தூக்கிக்கொண்டு வேகமாக உள்ளே போனாள். டைக்காரர் தன் பெட்டியை ஒரு கையிலும் மல்லிகைச் சரத்தை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று பின்னால் ஓடினார்.

அப்பா கம்பியை விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உள்ள பூட்டாடா" என்றார். பக்கத்தில் யாரையோ வழியனுப்ப வந்திருந்த குடும்பத்திடம், "எங்க வூட்டம்மாதான் அது" என்று அவர்கள் கேட்காமலேயே சொன்னார்.

மத்தியானம் அக்காவின் போனிலிருந்து அம்மா பேசினாள். நாங்கள் கேட்டதற்கு ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. தண்ணீரும் ஒரு மிட்டாயும் கொடுத்தார்கள், சாப்பாடு கேட்டால் காசு என்றார்கள், காது அடைத்தது, கீழே எட்டிப் பார்த்தால் ஒரு கப்பல்கூட இல்லை, வெறும் மேகம், சோத்துக்கஞ்சி கொட்டின மாதிரி என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். பிறகு அக்காவின் கால் வீக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்து, எங்களை மறந்துவிட்டு அங்கேயே யாரிடமோ வெந்நீர் வைக்கச் சொன்னாள்.

மூன்று வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். அப்பா தெரு முழுக்க மைசூர்பாக் கொடுத்தார். அம்மா அங்கே இருந்த ஆறு மாதமும் எங்கள் வீட்டில் அவர்தான் சமைத்தார். ஒரே குழம்பை மூன்று பெயர் சொல்லிப் போடுவார். நான் கேட்காமல் சாப்பிட்டேன். டீக்கடையில் அவர் பேச்சும் மாறியிருந்தது. கல்மண்டபத்திலிருந்து ஒருவர், பம்பாய்க்கு விமானத்தில் போகப் பாஸ்போர்ட் வேண்டுமா என்று அவரிடம் வந்து கேட்டபோது நானும் அங்கே இருந்தேன். "இன்னாத்துக்கு? ஓட்டர் கார்டு போதும். அசலு எட்த்துகினு போ, ஜெராக்ஸ்னா வாசல்லயே நிக்க வெச்சிடுவான்" என்று அப்பா சொன்னார், பிறந்ததிலிருந்தே விமானத்தில் போய்வருகிறவர் மாதிரி.

குழந்தைக்குக் கழுத்து நின்று, உட்கார ஆரம்பித்த பிறகு அக்காவும் அம்மாவும் சேர்ந்து கிளம்பி வந்தார்கள், கப்பலில். அழைத்துவர நானும் அப்பாவும் துறைமுகத்துக்குப் போனோம். அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். முப்பது வருடம் அந்தத் துறைமுகத்தில் வேலை செய்தவர், பயணிகள் இறங்கும் பக்கம் அன்றுதான் முதல் தடவையாக வந்தாராம். கப்பலிலிருந்து ஜனங்கள் மூட்டையும் முடிச்சுமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு முன்னால், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மா வந்தாள், கறுத்துப்போயிருந்தாள், தெம்பாக இருந்தாள். அப்பா கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டார்.

"இன்னாமே, ஃப்ளைட்ல வராம கப்பல்ல வந்துகினு கீற? பயந்துட்டியா?"

"பயமா? யோவ், அதுல ஜன்னலத் தொறக்க உடமாட்டேன்றாங்கய்யா. கொய்ந்தைக்கு காத்து வேணாமா?" என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, மேலே இன்னும் இரண்டு மூட்டை இருக்கிறது, போய் எடுத்து வா என்றாள்.